வாசகர் கேள்வி – பதில்: கொடுமுடியிலிருந்து வந்த குரல்

கடந்த இதழில் கதிர்காமப் பாதயாத்திரை பற்றி எழுதியபோது, திருக்கோவிலில் இரவு தங்கிய அடியார்கள், விடியற்காலையில் ஒலிபெருக்கியில் எழுந்த நாடக, திரைப்படப் பாடகி கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்டுக் கண்விழித்து, பொதி கட்டிக்கொண்டு பொத்துவில் பாதையில் இறங்கியதை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், கட்டுரையின் மற்றப் பகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை இந்தப் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் முதன்முதலில் சேர்ந்து நடித்தது இலங்கையில்தான் என்று என் அம்மம்மா சொல்லுவார். அது உண்மையா? அவர் எப்படி நாடகத்துக்கு வந்தார்? – ஒரு வாசகி, தம்பிலுவில்

உங்கள் அம்மம்மா சொன்னது சரியே. 1926ஆம் ஆண்டில், கொழும்பில் நடந்த நாடகங்களிலேதான் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து மேடையேறினார்கள். சுந்தராம்பாளுக்கு அப்போது பதினெட்டு வயது. செங்கோட்டையிலிருந்து சிறுவனாகவே மேடைக்கு வந்து பெயரெடுத்துவிட்ட எஸ். ஜி. கிட்டப்பா அவரைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

ஆனால் அந்தப் பதினெட்டு வயதுக்குள் சுந்தராம்பாள் கடந்துவந்த வழி நீளமானது. காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கே’ அந்த ஊருக்குரியது. ‘பி’ அவருடைய தாயார் பாலாம்பாளுக்குரியது. தந்தையின் முதலெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் தாயின் எழுத்து நிற்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்; அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் யார் என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது. வறுமை வீட்டு வாசலில் நின்ற காலத்தில், ரயில் வண்டியில் பாடிச் சில்லறை சேர்த்த குழந்தை அவர். அந்தக் குரலைக் கேட்ட நாடகப் பிரியர்கள் வழியாகவே வேலு நாயரின் நாடகக் கம்பனியில் அவருக்கு இடம் கிடைத்தது.

அங்கே அவர் முதலில் ஏற்ற வேடங்களுள் ஒன்று, நல்லதங்காள் நாடகத்தில் பசிக்கிறது என்று தாயிடம் அழும் மூத்த பிள்ளையின் வேடம். நல்லதங்காள் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கட்டத்தின் கனம் விளங்கும். பசியை அறிந்த ஒரு பிள்ளை, விளக்கு வெளிச்சத்தில் நின்று பசியைப் பாடினால் சபை என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

அக்காலத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒன்று இருந்ததாகவும், அதில் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் நடித்ததாகவும் வாசித்தேன். அது எப்படிச் சாத்தியம்? – ஒரு வாசகர், காத்தான்குடி

இதை விளங்கிக்கொள்ள முதலில் நம்முடைய கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு வடமோடிக் கூத்தை அரங்கேற்ற வேண்டுமானால், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளின் உயரத்தையும் குரலையும் பார்த்துச் சட்டம், அதாவது வேடத்துக்குரிய பாட்டுக் கொப்பி, கொடுப்பார்; கொப்பியைப் பெற்றவர் மாதக்கணக்கில் வரவுத் தாளத்துக்குக் கால் பழகுவார்; சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஏறி, அரங்கேற்றத்தன்று கூத்தாடும் களரிக்கு வரும்போது ஒருவருடைய காலடி மற்றவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர்மாறானது. மதுரையிலிருந்து ஒரு வள்ளி வருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு முருகன் வருவார். நாரதரும் பபூனும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் அன்று பின்னேரந்தான் முதன்முதலாகப் பார்ப்பதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகப் பாடங்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால், கதையும் பாட்டும் பொதுச்சொத்தாக இருந்தன. முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே ஆர்மோனியக்காரரிடம் சுருதியைச் சொல்லிவிட்டால் போதும், திரை விலகிவிடும்.

மெய்யான நாடகம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். தினைப்புனத்தில் பரண்மீது நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள் வள்ளி. வேடனாக வந்த முருகன் வழி கேட்கும் பாவனையில் வாயைக் கொடுக்கிறான். இங்கே தொடங்கும் தர்க்கத்தில், எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த இராகத்தில் எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்பது மற்றவருக்குத் தெரியாது. அவர் விட்ட இடத்திலிருந்து அதே இராகத்தைப் பிடித்து, ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாற வேண்டியதுதான். விடிய விடிய மக்கள் உட்கார்ந்திருந்தது கதையின் முடிவை அறிவதற்காகவா? வள்ளிக்கு யாருடன் கலியாணம் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் காத்திருந்தது அந்த மோதலுக்காக.

கிட்டப்பாவுக்கு எதிரே நின்று அந்தச் சிறுபெண்ணால் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற ஐயம் அக்காலத்தில் பலருக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஐயத்துக்குக் காரணமும் இருந்தது. பொதுவாக ஆண்கள் தாழ்ந்த சுருதியிலும் பெண்கள் உயர்ந்த சுருதியிலும் பாடுவார்கள். கிட்டப்பாவோ பெண்களுக்குரிய உயர்ந்த கட்டையிலேயே நின்று, அங்கிருந்தும் மேலே போகக்கூடியவர். ஆர்மோனியம் ஒரே சுருதியில் ஒலிக்க, இருவரும் அதே உயரத்தில் சந்திக்க வேண்டும், ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. ஒலிவாங்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேர வேண்டும். அந்த மேடையில் சுந்தராம்பாள் நின்றார். அதன்பின் அவர்களை இணைத்து நாடகம் போட ஊர்கள் போட்டியிட்டன.

இங்கே ஒரு சிறு விடயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. அதே 1926ஆம் ஆண்டில்தான், காரைதீவில் பிறந்த நம் சுவாமி விபுலாநந்தர், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ என்ற நூல் வெளிவந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில் நாடக இலக்கணம் பேசப்பட்ட காலமும் கொழும்பு மேடையில் வள்ளி தர்க்கம் நடந்த காலமும் ஒன்றே. இரண்டையும் ஒருசேர வைத்து நாம் ஒருநாளும் பேசியதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

கிட்டப்பாவை இழந்த பின்னர் அவர் வாழ்ந்த துயர வாழ்க்கையை எங்கோ படித்து அழுதுவிட்டேன். அந்தக் காதல் கதையை விரிவாக எழுத வேண்டும். – ஒரு வாசகர், கல்முனை

சுருக்கமாகவே எழுதப்போகிறேன். அதற்கான காரணத்தையும் சொல்லுகிறேன்.

1927இல் இருவரும் மணம்புரிந்தார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சாதி, குடும்பம், ஊர்ப்பேச்சு, இரண்டு பெரிய கலைஞர்களின் தன்மானம் எல்லாம் அந்தத் திருமணத்துக்குள் புகுந்தன. பிணக்குகளும் பிரிவும் வந்தன. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறியுள்ளன. அவற்றில் பாசமும் மனத்தாங்கலும் ஒளிவுமறைவின்றிக் கிடக்கின்றன. உடல்நலம் கெட்ட கிட்டப்பா, 28 வயது நிறையுமுன்னரே, 1933 டிசம்பர் 2ஆம் திகதி காலமானார். இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார், நகைகளைக் கழற்றினார், நெற்றியில் திருநீறு மட்டும் அணிந்தார், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், அந்த முடிவைக் கடைசிவரை காத்தார்.

நீங்கள் அழுததில் தவறில்லை. ஆனால் ஒரு கணக்கை என்னோடு சேர்ந்து பாருங்கள். 1926 முதல் 1933 வரை ஏழு ஆண்டுகள். 1933 முதல் அவர் மறைந்த 1980 வரை நாற்பத்தேழு ஆண்டுகள். அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த ஏழு ஆண்டுகளுக்கு நான்கு பக்கமும், நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு ஒரு பந்தியும் கொடுக்கின்றன. ஒரு கலைஞரின் வாழ்க்கை, அவருடைய கணவரின் மரணத்தோடு முடிந்துவிட்டதுபோல எழுதுவது அவருக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் என்றே கருதுகிறேன்.

அந்த முடிவையும் நான் வெறும் துறவாகப் பார்க்கவில்லை. தனித்து நின்ற ஓர் இளம்பெண்ணை நாடக உலகமும் பட உலகமும் எப்படி நடத்தின என்பதை அறிந்தவர்கள், அந்த வெள்ளைச் சேலையில் ஒரு நிபந்தனை இருந்ததையும் காண்பார்கள். எந்த வேடத்தை ஏற்பேன், யாருக்கு எதிரே நிற்பேன், எவ்வளவு ஊதியம் பெறுவேன் என்பனவற்றை அதற்குப் பிறகு அவரே தீர்மானித்தார். அந்த அளவு உரிமை அக்காலத்தில் எத்தனை நடிகைகளுக்குக் கிடைத்தது?

தமிழ்ப் படத்தின் முதற் கதாநாயகி சுந்தராம்பாள்தானா? – ஒரு மாணவர், செட்டிபாளையம்

இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி, திருவையாற்றைச் சேர்ந்த டி. பி. இராஜலட்சுமி. அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கித் தமிழ்ப் படத்தின் முதற் பெண் இயக்குநரானவரும் அவர்தான். அவருக்கும் ஓர் இதழை ஒதுக்க எண்ணியிருக்கிறேன்.

ஒரு பெண் நந்தனாராக நடித்ததும், அதற்கு ஒரு இலட்சம் ரூபா பெற்றதும் மெய்தானா? – ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

இரண்டும் மெய். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ அவருடைய முதற் படம். படத்தில் நடிக்க அவர் விரும்பவில்லை என்றும், கேட்டவர்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு இலட்சம் என்ற தொகையைச் சொன்னார் என்றும், தயாரிப்பாளர் அதற்கும் சம்மதித்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. செய்தியின் முற்பகுதி எவ்வாறாயினும், தொகை உண்மை. இந்தியத் திரையுலகில் அந்தத் தொகையை முதலில் பெற்றவர் அவர் என்றே கூறப்படுகிறது. ஒரு குடும்பம் சில பத்து ரூபாவில் மாதத்தை ஓட்டிய காலம் அது. ரயிலில் சில்லறைக்குப் பாடிய பிள்ளை தன் குரலுக்குத் தானே விலை வைத்ததை, நான் பேராசை என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றவர், ஆணாகவே நடித்தார். நந்தனாரின் ஆண்டையான வேதியராக நடித்தவர் கருநாடக இசையில் பெரும் வித்துவானான மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத, சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டுத் தவிக்கும் ஒரு பண்ணையாளின் குரலாக ஒரு பெண்ணின் குரல் ஒலித்தது. வாசல்கள் அடைபட்டிருப்பதன் வலியைப் பாட ஒரு பெண்ணுக்குத் தகுதி இல்லையென்று யார் சொல்லுவார்கள்?

நம் களரியில் இது தலைகீழாக நடந்ததை எண்ணிப் பாருங்கள். கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்த அரசர்களுக்கு நடுவே, கொண்டை வைத்துச் சேலை உடுத்து வந்த திரௌபதையும் மண்டோதரியும் ஆண்களே. என் சிறுவயதில் எங்கள் ஊரில் திரௌபதையாக ஆடியவர் ஒரு வேளாண்மைக்காரர். அரங்கேற்றத்துக்கு மறுநாள் அவர் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் போகும்போதும் சிறுவர்கள் நாங்கள் ‘திரௌபதையண்ணன்’ என்றே அழைப்போம். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பார். ஆண் பெண்ணாகலாம், அது கலை என்று நாம் எளிதாக ஏற்றுக்கொண்டோம். பெண் ஆணாவதற்கு மட்டும் அல்ல, பெண் பெண்ணாகவே களரிக்கு வருவதற்கும் நாம் வழி விடவில்லை.

‘பூம்புகார்’ படத்தில் அவர் ஏற்ற கவுந்தியடிகள் வேடத்தை வைகாசிச் சடங்குக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் பேசுவார்கள். முதிய வேடங்களையே அவர் ஏன் தொடர்ந்து ஏற்றார்? – ஒரு வாசகி, காரைதீவு

கண்ணகையம்மன் கோயிற் கதவு திறந்து, வழக்குரை ஏடு படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடிக்கும் ஊர்களுக்கு அந்தப் படத்தின் கதையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் ஊரில் கண்ணகியாக நடித்தவரை விட்டுவிட்டு, உடன் நடந்துவந்த கவுந்தியடிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். கண்ணகையை அவர்கள் படத்தில் தேடவில்லை. அவள் கோயிலில் இருக்கிறாள்.

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை தெரியும். 1940இல் ‘மணிமேகலை’: இளவரசனின் காதலை விலக்கி, அமுதசுரபி ஏந்தியவள். 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’: இளமையே வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டுப் பெற்றதாகக் கதை சொல்லும் புலவர். 1964இல் கவுந்தியடிகள்: கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு நடந்துவந்த சமணத் துறவி. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்திலும், 1967இல் ‘கந்தன் கருணை’ படத்திலும் மீண்டும் ஔவை. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில், அழகிய உடலை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிய அம்மையார். இவர்களுள் யாரும் ஓர் ஆணின் பக்கத்தில் மனைவியாகவோ காதலியாகவோ நின்று கதையை முடிப்பவர்கள் அல்லர். அவர்கள் நடக்கிறார்கள், பாடுகிறார்கள், அரசனையும் கடவுளையும் நேருக்குநேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். தமிழ் இலக்கியத்தில் துணையின்றித் தனித்து நிமிர்ந்து நிற்கும் பெண்கள் யார் யார் என்று தேடி, அவர்களை ஒவ்வொருவராகத் திரைக்குக் கொண்டுவந்ததுபோல் இருக்கிறது அந்த வரிசை. பாத்திரங்களைத் தேடிக் கொடுத்தவர்கள் பலராக இருக்கலாம். அவருடைய நிபந்தனைதான் அவர்களை அந்தத் திசையில் தேடவைத்தது.

ஔவையாராக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான் என்பதையும் நினைவில் வையுங்கள். கூன் விழாத, தழுதழுக்காத ஒரு முதுமையை அவர் நமக்குக் காட்டினார். ‘திருவிளையாடல்’ படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் பாலமுருகனுக்கு முன்னால் அவர் கோலூன்றி நின்று பாடும் காட்சியை மறுபடி பாருங்கள். அடியார் கடவுளை வணங்குகிறார் என்பது முதற்பார்வை. பேரப்பிள்ளையின் பிடிவாதத்தை அறிந்த ஒரு பாட்டி, பாதி கண்டிப்பும் பாதி கொஞ்சலுமாக அவனைக் கீழே இறக்கப் பார்க்கிறார் என்பதே அந்தக் குரலில் நான் கேட்பது. சின்னக்கதிர்காமம் என்று நாம் அழைக்கும் மண்டூரிலும் உகந்தையிலும் கந்தனை நம் கிழவிகள் வைதும் வாழ்த்தியும் பேசுவது அப்படித்தானே!

அவர் அரசியலிலும் இருந்தாரா? – ஒரு வாசகர், ஏறாவூர்

இருந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் இந்திய விடுதலை இயக்கத்துக்காக மேடைகளில் பாடினார். 1951இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்ற அவை ஒன்றுக்குச் சென்ற முதல் நபர் இந்தியாவிலேயே அவர்தான் என்பர். காங்கிரஸில் ஊன்றிய அவர், மு. கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் நடித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அறுபது வயதைக் கடந்தபின் ஒரு பாடகிக்குக் குரலுக்கான விருது கிடைப்பதைச் சிறிய செய்தியாக எண்ணிவிட வேண்டாம்.

அவருடைய பழைய நாடகப் பாட்டுகளை இன்று கேட்க முடியுமா? – ஒரு வாசகர், ஆரையம்பதி

மேடையில் பாடியவை காற்றோடு போயின. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இருவருடைய அக்காலக் குரலும் எஞ்சியிருப்பது கிராமபோன் இசைத்தட்டுகளில் மட்டுமே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடியதைத் தட்டுக்காக அந்த அளவுக்குள் நெருக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

அந்தத் தட்டுகளை நான் முதன்முதலில் கேட்டது உங்கள் பக்கத்து ஊரில், 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்துபோன ஒரு வீட்டில். வீட்டுக்காரர் பெட்டியோடு தட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிக் காப்பாற்றியிருந்தார். தட்டுகள் உடையவில்லை; ஆனால் நடுவிலிருந்த வட்டக் கடதாசிகள் வெள்ளத்தில் ஊறிக் கழன்றுபோயிருந்தன. எந்தத் தட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அவர் கைபிடியைச் சுற்றி, ஊசியை இறக்கி, கடுகு வெடிப்பதுபோன்ற அந்த முதல் இரைச்சலுக்குள் காதைக் கூர்மையாக்கி நிற்பார். குரல் எழுந்தவுடன் கையை உயர்த்தி ‘இது அம்மா’ என்பார். கிட்டப்பாவாக இருந்தால் ‘இது ஐயர்’ என்பார். ஒரு தடவை மட்டும் அவர் கை பாதியில் நின்றது. மேல்ஸ்தாயியில் வேகமாக ஓடிய அந்த ஒரு பிருகா, அந்தச் சுர உருட்டல், யாருடையது என்று அவருக்கே உடனே பிடிபடவில்லை. சொற்கள் வந்த பிறகுதான் ‘அம்மா’ என்று சொன்னார். கொழும்பு மேடையில் இருவரும் ஒரே சுருதியில் சந்தித்தார்கள் என்று மேலே எழுதினேனே, அதை நான் நூலில் படித்து அறியவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்டு அறிந்தேன்.

இன்று அவற்றுள் பலவற்றைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சமையலுக்கு நடுவிலோ பயணத்துக்கு நடுவிலோ அல்லாமல், ஒரு பாட்டையாவது கண்ணை மூடியிருந்து கேளுங்கள். ழகரமும் றகரமும் எவ்வளவு துப்புரவாக விழுகின்றன என்பதைக் கவனியுங்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய உச்சரிப்பு அது.

என் மகள் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்க ஆசைப்படுகிறாள். ‘பொம்பிளைப் பிள்ளையைக் கூத்தாட விடப்போகிறாயா’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். சுந்தராம்பாள் பற்றிய வரியை வாசித்தவுடன் உங்களுக்கு எழுதத் தோன்றியது. – ஒரு தாய், வாழைச்சேனை

அன்புச் சகோதரி, இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன்.

முதலில் உலகியல். நாடகமும் அரங்கியலும் நம் பாடசாலைகளில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் உரிய பாடம்; அதைக் கற்பிக்கப் பட்டம் பெற்றவர்கள் வேண்டும். கல்லடியில் உங்கள் மகள் தனித்து நிற்கப் போவதில்லை; அங்கே பெண்பிள்ளைகள் ஆடவும் பாடவும் மத்தளம் கேட்டு அடியெடுத்து வைக்கவும் கற்கிறார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் நம் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்துச் சென்றார். அமிர்தகழியில் பிறந்த பேராசிரியர் மௌனகுரு அந்த வழியை நம் மண்ணிலேயே நிலைப்படுத்தினார். அந்த வழியில்தான் உங்கள் மகள் போகக் கேட்கிறாள். இதை உறவினர்களுக்குச் சொல்லலாம்.

இனிச் சொல்லப்போவதை உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டும் சொல்லுகிறேன். மேலே நான் எழுதிய ‘திரௌபதையண்ணன்’ என் பெரியம்மாவின் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தவர். இரவில் அவர் கொப்பியைப் பாடமாக்கும்போது அவருக்கு எழுத்து வாசிக்கச் சிரமமாக இருக்கும். பெரியம்மா கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வரியை எடுத்துக் கொடுப்பார். அந்த வேலையில் பெரியம்மாவுக்குக் கூத்து முழுவதும் பாடமாகிவிட்டது. திரௌபதைக்கு மட்டும் அல்ல, தருமருக்கும் துச்சாதனனுக்கும் உரிய விருத்தங்களும் தருக்களும் அவருக்கு வரும். நெல்லுக் குற்றும்போது உலக்கை விழும் தாளத்துக்குத் துகிலுரிதல் கட்டத்தைப் பாடுவார். வெளியே யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் பாட்டு நின்றுவிடும். உலக்கை மட்டும் தொடர்ந்து விழும். அரங்கேற்றத்தன்று பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்து அவர் பார்த்தார். அண்ணன் ஓர் இடத்தில் வரியை விட்டுத் தடுமாறியபோது, என் பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் உதடு அசைந்ததை நான் கண்டேன். சத்தம் வரவில்லை.

எண்பது வயதில் பெரியம்மா காலமானார். அவர் குரலைத் தட்டிலோ நாடாவிலோ யாரும் பிடித்துவைக்கவில்லை. பிடித்துவைத்திருக்கலாமே என்பது எனக்கே பிந்தித்தான் தோன்றியது.

உங்கள் மகளை அனுப்புங்கள். முதல் ஆண்டில் அவளுக்கு எந்த வேடத்துக்குச் சட்டம் கொடுக்கிறார்கள் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.